ஜப்பானில் ராத்தங்கலுக்கு மங்கா கஃபே போதுமா? தீபாவளி லீவுப் பயணம், ஆலோசனை வேண்டும்

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. இந்தத் தீபாவளி லீவுக்கு நானும் என் சித்தப்பா பையனும் ஜப்பான் போகிறோம். பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு ஊருக்குப் போன லேபர் திரும்பி வந்து மிஷின் ஓடத் தொடங்க எப்படியும் பத்து நாள் ஆகிவிடும், வருஷத்தில் எங்களுக்கு மொத்தமாகக் கிடைக்கிற லீவு அதுதான். கோவையில் ஏறி சிங்கப்பூரில் மாறி ஒசாகாவில் இறங்குகிறோம், அப்புறம் கியோட்டோ, கடைசியில் டோக்கியோ, அங்கிருந்தே திரும்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, விசாவுக்கு இனிமேல்தான் கொடுக்க வேண்டும்.

கையைக் கடிப்பது தங்குகிற செலவுதான். நவம்பர் என்றால் கியோட்டோவில் இலை சிவக்கிற சீசன், ஓட்டல் வாடகையெல்லாம் ஏறிக் கிடக்கிறது. அப்போதுதான் மங்கா கஃபே பற்றிக் கேள்விப்பட்டேன். காமிக்ஸ் படிக்கிற கடை, ஆனால் ராத்திரி முழுக்க இருக்கலாம், தனித்தனி கேபின் உண்டு, குளிக்க ஷவர் உண்டு, காபி குளிர்பானம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், எல்லாம் சேர்த்து 2,000 யென் அளவில்தான் என்கிறார்கள். நம்ம காசுக்கு ஆயிரத்துச் சொச்சம். பத்து ராத்திரியையும் அங்கேயே ஓட்டிவிட்டால் ஆளுக்கு எவ்வளவோ மிச்சம் ஆகும் போலத் தெரிகிறது.

போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடுவார்களா? நான் கொஞ்சம் உயரம், காலை நீட்டிப் படுக்க முடியுமா? பெட்டியை எங்கே வைப்பது? தம்பி சுத்த சைவம், அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

சிறுவாணித்தண்ணி (கோவை, இப்போது நாகோயா பக்கம் வேலை)

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவு பண்ணிக் கொள்ளுங்கள். மங்கா கஃபே தங்கும் விடுதி கிடையாது. விடுதி நடத்துவதற்கு ஜப்பானில் தனிச் சட்டம், தனி உரிமம் எல்லாம் இருக்கிறது, மங்கா கஃபேக்கு அது இல்லை. அவன் விற்பது நேரம். ஒரு இடம், ஒரு கம்ப்யூட்டர், அலமாரி அலமாரியாக ஆயிரக்கணக்கில் காமிக்ஸ், இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு காசு, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீங்கள் படிக்கிறீர்களா தூங்குகிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கட்டில் இருக்காது, பெட்ஷீட் விரித்துத் தர மாட்டார்கள், காலையில் எழுந்து பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஊர் சுற்றிவிட்டு வரவும் முடியாது. இது மண்டையில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இந்தக் கடைகளில் ராத்திரி கூட்டம் வருவதற்கே காரணம் ரயில்தான். டோக்கியோ, ஒசாகாவில் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், முதல் ரயில் காலை நாலரை, ஐந்துக்குத்தான். டாக்சி என்றால் ராத்திரி 10 மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல் வேறு. வேலை முடிந்து குடித்துவிட்டு ரயிலை விட்டவன் பத்தாயிரம் யென் கொடுத்து டாக்சியில் போவானா, இரண்டாயிரம் கொடுத்து இங்கே சாய்வானா? அதனால்தான் வெள்ளி, சனி ராத்திரியில் விலையும் கூடும், நல்ல இடமும் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். நீங்கள் போவதானால் ஞாயிறு முதல் வியாழன் வரை வைத்துக் கொள்ளுங்கள், அதுவும் பத்து மணிவாக்கில் போய்விடுங்கள். நவம்பர் 3, 23 இரண்டும் அங்கே அரசு விடுமுறை, அதற்கு முந்தின ராத்திரியும் கூட்டமாக இருக்கும்.

விலை நைட் பேக் கணக்கில், அதாவது ராத்திரி இத்தனை மணி நேரத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று வரும். 6 மணி நேரம், 8, 9, 12 என்று கடைக்குக் கடை வேறு. ஊரையும் கிழமையையும் பொறுத்து 1,500 முதல் 3,000 யென் வரை பார்த்திருக்கிறேன், டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிபுயா மாதிரி இடங்களில் மேல் பக்கம்தான். நேரம் கவுண்டரில் சீட்டு அடித்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும். பேக் நேரம் தாண்டினால் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று தானாகவே ஏறிக்கொண்டே போகும், யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள், அலாரம் உங்கள் பொறுப்பு. அதையும் வைப்ரேஷனில் வைத்துத் தலைமாட்டில் போட்டுக் கொள்ளுங்கள், சத்தமாக அடித்தால் இருபது பேர் முழித்துக் கொள்வார்கள்.

இருக்கையில் நாலைந்து வகை. ஓப்பன் சீட் என்பது வெறும் மேஜை நாற்காலி, விலை குறைவு, தூக்கத்துக்கு ஆகாது. ரிக்ளைனிங் என்றால் சாய்கிற நாற்காலி, ஆனால் கால் தொங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது ஃப்ளாட் சீட். முக்கால் ஆள் உயரத் தடுப்புக்குள் கறுப்பு ரெக்சின் போட்ட மெத்தை தரை முழுக்க இருக்கும், ஓரத்தில் தாழ்வான மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டர், ஹெட்போன், ஒரு சின்ன விளக்கு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏற வேண்டும். அகலம் நம்ம கோவை பெங்களூர் ஸ்லீப்பர் பஸ் சிங்கிள் பெர்த்தை விடக் கொஞ்சம் தாராளம், நீளம்தான் பிரச்சினை. உயரமானவர்கள் மேஜைக்கு அடியில் காலை விட்டுக் கோணலாகப் படுத்தால் நீட்ட முடியும், பாதத்துக்கு மேலே சிபியு விசிறி சூடாக ஊதிக்கொண்டிருக்கும். போர்வை, குட்டித் தலையணை எல்லாம் நடைபாதை ஓரத்து அலமாரியில் அடுக்கியிருக்கும், வேண்டியதை எடுத்துக் கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற ஜோடி சீட் என்றும் உண்டு, ஆனால் காசு தலைக்குத்தான் வாங்குவார்கள், இரண்டு பேர் குறட்டையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், தனித்தனியாகவே எடுங்கள்.

இப்போது பெரிய கடைகளில் பூட்டுப் போட்ட முழு அறை வந்துவிட்டது. சுவர் கூரை வரை இருக்கும், கதவு பூட்டும். ஐந்நூறு, ஆயிரம் யென் கூடுதலாக ஆகலாம், தூங்கத்தான் போகிறீர்கள் என்றால் அது காசுக்குத் தகும். "காகிட்சுகி கோஷிட்சு" என்று கேளுங்கள். புகை ஆகாது என்றால் "கின்னென்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து கட்டடத்துக்குள் புகைக்கத் தடை வந்துவிட்டது, இருந்தாலும் சில கடைகளில் சூடாக்கும் சிகரெட்டுக்கு என்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டவரை விடுவார்கள். டோக்கியோவில் 2010 ஜூலை முதல் நெட் கஃபேக்காரன் (கம்ப்யூட்டர் வைத்த மங்கா கஃபேயும் இதில் சேர்த்திதான்) வருகிறவர் அடையாள ஆவணத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாநகர விதி இருக்கிறது, பாஸ்போர்ட்டைக் காட்டினால் சரி. எப்படியும் வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சில சங்கிலிக் கடைகளில் உறுப்பினர் ஆக வேண்டும், அதற்குச் சில நூறு யென் வாங்குவார்கள். திருப்பூர்க்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன், காய்கட்சு கிளப் என்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கிளை வைத்திருக்கும் பெரிய சங்கிலி ஒன்று இருக்கிறது, அது ஆவோகி என்ற ஆண்கள் கோட்டு சூட்டு வியாபாரக் குழுமத்தினுடையது. துணி விற்றவர்கள் இப்படி ஒரு தொழிலுக்கு வந்து நிற்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அங்கே பல கிளைகளில் ஷவர் இலவசம், கோன் ஐஸ்கிரீமும் நாமே பிடித்துக் கொள்ளலாம். மற்ற கடைகளில் ஷவருக்கும் துண்டுக்கும் தனிக் காசு வாங்குவது உண்டு, ஒரு துண்டை நீங்களே கொண்டு போய்விடுங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

அண்ணன் சொன்னதெல்லாம் சரிதான், நான் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். வியாபாரம் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம், கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது.

ஃப்ளாட் சீட் நைட் பேக் 2,200 யென் என்று வையுங்கள். துண்டு, ஷவர் என்று 300. பெட்டியைப் பகல் முழுக்க ஸ்டேஷன் லாக்கரில் வைக்க வேண்டும், பெரிய சூட்கேஸ் நுழைகிற லாக்கர் 700, 800 ஆகும், சின்னது 400 சொச்சம். லாக்கர் வாடகை நாள் கணக்கு, பல இடங்களில் நள்ளிரவு தாண்டித் தேதி மாறினால் இரண்டாம் நாள் காசு ஏறும், மூன்று நாளுக்கு மேல் விட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆக ஒரு ராத்திரிக்கு 3,300 யென் வந்துவிட்டது. ஒசாகாவில் சாதாரணக் கிழமையில் ஹாஸ்டல் படுக்கையோ கேப்சூல் ஓட்டலோ (ஒரு ஆள் படுக்கிற அளவு பெட்டி பெட்டியாக அடுக்கிய ஓட்டல்) 3,000, 4,000 யென்னுக்குள் முன்கூட்டி எடுத்தால் கிடைக்கிறது. கேப்சூல் ஓட்டலே பிறந்தது ஒசாகாவில்தான், 1979-இல் உமேதா பகுதியில், கிஷோ குரோகவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அங்கே உண்மையான மெத்தை, லாக்கர், பல இடங்களில் பெரிய வெந்நீர்த் தொட்டிக் குளியல், காலை பத்து வரை இருக்கலாம். மங்கா கஃபேயில் ஆறு மணிக்குத் தெருவுக்கு வந்துவிடுவீர்கள், பல கோயில்கள் திறக்கவே எட்டு, ஒன்பது ஆகும், அதுவரை ஏதாவது ஒரு கடையில் காபி வாங்கி உட்காருவீர்கள், அது ஒரு 400. மிச்சம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

பத்து ராத்திரியும் என்பதை மறந்துவிடுங்கள். இரண்டு ராத்திரி தொடர்ந்து அரைத் தூக்கம் தூங்கினால் மூன்றாம் நாள் உடம்பு கேட்காது. அங்கே ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபதாயிரம் காலடி நடப்பீர்கள், ஸ்டேஷன் படிக்கட்டே பாதி உயிரை வாங்கும். இவ்வளவு தூரம் போய்ப் பகலில் ரயிலில் தலை தொங்கிக்கொண்டு வருவதற்கு இங்கேயே இருந்துவிடலாம்.

கியோட்டோ வாடகைதான் பிரச்சினை என்றால் கியோட்டோவில் தங்காதீர்கள். ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம், அறுநூறு யென்னுக்குள் டிக்கெட். இல்லையென்றால் கியோட்டோவுக்கு அந்தப் பக்கம் ஓட்சு என்ற ஊர், பத்தே நிமிடம், பிவா ஏரிக்கரை, வாடகையும் குறைவு. ஒசாகாவில் ஷின்செகாய் அருகே ஸ்பா வேர்ல்ட் என்ற வெந்நீர்க் குளியல் இடமும் இருக்கிறது, ராத்திரிக்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் அங்கேயே சாய்ந்து கொள்ளலாம். குளிக்கிற பகுதியில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி.

அப்புறம் டோக்கியோவுக்கு ராத்திரி பஸ். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஒரு ஆளுக்கு 14,000 யென்னைத் தொடும், பஸ் 5,000 சுற்றி, எட்டு மணி நேரம். ராத்திரி வாடகையும் மிச்சம், பயணக் காசும் மிச்சம். ஆனால் ஷின்கான்செனில் ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கும், இருக்கத்தான் வேண்டும், அதை நான் தடுக்கவில்லை.

நொய்யல்கரை

அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. லாக்கர் கணக்கு எனக்குத் தோணவே இல்லை. ஆனாலும் ஒரு ராத்திரியாவது போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, காசுக்காக மட்டும் இல்லை, தம்பிக்குச் சின்ன வயசிலிருந்து மங்கா என்றால் உயிர், ஜப்பானிய எழுத்தும் கொஞ்சம் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். எந்த ராத்திரிக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்? சாப்பாட்டுக்கும் ஒரு வழி சொல்லிவிடுங்கள்.

கூடுதுறை (பவானி)

இதைப் படிக்கிற பெண்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை என்னிடமும் நிறையப் பேர் கேட்கிறார்கள், வீட்டில் சொன்னால் உடனே வேண்டாம் என்பார்கள் என்று பயந்து மெதுவாகக் கேட்கிறார்கள்.

தனியாகப் போன பெண் என்ற முறையில் சொல்கிறேன், சரியான கடையைத் தேர்ந்தெடுத்தால் பயமில்லாமல் தூங்கலாம். பெரிய சங்கிலிக் கடைகள் பலவற்றில் பெண்களுக்கு மட்டும் தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் கார்டைக் காட்டினால்தான் அந்தக் கதவே திறக்கும். "ஜோசெய் செனியோ" என்று கேளுங்கள். அந்தப் பகுதி இல்லாத கடை என்றால் பூட்டுகிற அறை எடுங்கள், அதுவும் இல்லையென்றால் அந்தக் கடையே வேண்டாம், நேராகப் பெண்கள் தளம் உள்ள கேப்சூல் ஓட்டலுக்குப் போய்விடுங்கள். ஷின்ஜுகுவில் கபுகிச்சோ என்ற பகுதியில் கடைகள் அடுத்தடுத்து இருக்கும், விலைப் பலகையும் மின்னும், முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தத் தெரு ராத்திரியில் வேண்டாம், உயெனோ, இகெபுகுரோவில் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கின்றன.

பூட்டில்லாத சாதாரணக் கேபினில் தடுப்புக்கு மேலே திறந்தவெளிதான், கதவும் சும்மா சாத்துவதுதான். ஜப்பானில் எதுவும் தொலையாது என்ற நம்பிக்கையில் பர்ஸை மேஜை மேல் வைத்துவிட்டுக் காபி பிடிக்கப் போகாதீர்கள், திருட்டு பற்றிய எச்சரிக்கை அறிவிப்பைக் கடைக்காரர்களே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்புப் பையில், அதைப் போட்டுக்கொண்டே படுங்கள். அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே இருப்பவர்களை டோக்கியோவில் ராத்திரி 11 மணிக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது, பெரியவர்கள் கூட இருந்தாலும் கேட்க மாட்டார்கள், அதனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த யோசனையே ஆகாது.

இன்னொன்று. உள்ளே போனதும் எனக்கு முதல் வேலை, அவசர வழி எங்கே என்று ஒரு தடவை நடந்து பார்ப்பது. 2008 அக்டோபர் 1 விடியற்காலை ஒசாகா நம்பாவில் இதே மாதிரி சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த ஒரு வீடியோ கடையில் ஒருவர் தீ வைத்து 15 பேருக்கு மேல் இறந்து போனார்கள், ராத்தங்கலுக்கு என்று வந்து படுத்திருந்தவர்கள். இந்தக் கடைகளின் நடைபாதை ஒரு ஆள் போகிற அகலம்தான், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும், தூக்கக் கலக்கத்தில் கழிவறையிலிருந்து திரும்பி வரவே கேபின் எண்ணைப் பார்த்துத்தான் வர வேண்டியிருக்கும். இரண்டு நிமிட வேலை, பார்த்துவிட்டுப் படுங்கள்.

ஆனைமலை (பொள்ளாச்சி)

எல்லோரும் பயணியாகப் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள், அங்கே உங்கள் பக்கத்துக் கேபினில் இருப்பவர் யார் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று நினைக்கிறேன்.

வீடு எடுக்கத் தேவையான முன்பணமும் உத்தரவாதம் போட ஆளும் இல்லாமல், தினக்கூலி, தற்காலிக வேலை என்று ஓடிக்கொண்டு மாதக்கணக்கில் இந்தக் கேபின்களிலேயே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நெட் கஃபே அகதிகள் என்றே அவர்களுக்கு அங்கே பெயர் விழுந்துவிட்டது. 2007-இல் ஜப்பான் அரசு எடுத்த கணக்கில் நாடு முழுக்க 5,400 பேர் அளவில் என்றார்கள். 2018 ஜனவரியில் டோக்கியோ மாநகர அரசு வெளியிட்ட கணக்கில் டோக்கியோவில் மட்டும் ஒரு நாளைக்கு 4,000 பேர் அளவில் வீடில்லாமல் இப்படித் தங்குகிறார்கள் என்று வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக நெருக்கடி நிலை அறிவித்துக் கடைகளை மூடச் சொன்னபோது இவர்கள் எல்லாம் தெருவுக்கு வர, அரசாங்கமே ஓட்டல் அறை பிடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்ம ஊரில் வெளியூரிலிருந்து வந்து மில் ஷெட்டிலும் லைன் வீட்டிலும் எட்டுப் பேர் பத்துப் பேராகத் தங்கி வேலை பார்க்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

அதனால் மூன்று விஷயம் கேட்டுக் கொள்கிறேனுங்க. நடைபாதையில் நின்று வீடியோ எடுக்காதீர்கள், அங்கே வாசலில் கழற்றி வைத்த ஷூவைக் கூடப் படம் பிடிக்காதீர்கள், சிலருக்கு அதுதான் வீட்டு வாசல். கேபினுக்குள் போன் பேசாதீர்கள், வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் கவுண்டர் பக்கமோ மாடிப்படிக்கோ வந்து பேசுங்கள், இரண்டு பேரும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து குசுகுசு என்று பேசினாலும் அடுத்த வரிசைக்குக் கேட்கும். காலை நாலு மணிக்கு வேலைக்குப் போக எழுகிறவர் இருப்பார், அவருக்கு அந்த மூன்று மணி நேரத் தூக்கம் பெரிய விஷயம். பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று கிளறுவது, அதை முந்தின சாயங்காலமே முடித்துவிட்டு வாருங்கள்.

சிறுவாணித்தண்ணி

ஆனைமலை அண்ணன் சொன்னதை எல்லோரும் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் சத்தம் நூற்றுக்கு நூறு உண்மை, அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கடையில் கறி ரைஸ் (சோற்றின் மேல் கெட்டிக் குழம்பு ஊற்றியது), ராமென் நூடுல்ஸ், பொரித்த உருளை என்று மெனு இருக்கும். சைவத்துக்கு அதில் நம்பிச் சாப்பிட ஒன்றும் இல்லை, கறி ரைஸில் காய் மட்டும் போட்டிருந்தாலும் அந்தக் குழம்புக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது சகஜம். மிசோ சூப் மீன் சாற்றில் செய்வது. பானம் பிடிக்கிற மிஷினில் சோள சூப் வரும், மஞ்சளாகப் பார்க்க நன்றாக இருக்கும், அதிலும் கோழிச் சாறு இருக்கலாம் என்பதால் தம்பியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். காபி, டீ, கொக்கோ, ஜூஸ், பச்சையாக ஒரு மெலன் சோடா, இதெல்லாம் பிரச்சினை இல்லை.

வழி என்னவென்றால், தெருவுக்குத் தெரு இருக்கிற கொன்பினி என்ற சின்னப் பல்பொருள் கடையில் வெந்த வெள்ளைச் சோறு டப்பாவில் வரும், இருநூறு யென் அளவில். கவுண்டரிலேயே சூடு பண்ணிக் கொடுப்பார்கள். கையோடு பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு போனால் போதும், அரிசிம்பருப்பு அளவுக்கு இருக்காது, ஆனால் வயிறு நிறையும். உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, வாழைப்பழம், நவம்பர் ஆகிவிட்டால் சூப்பர் மார்க்கெட் வாசலில் சுட்ட சக்கரைவள்ளிக் கிழங்கு, இதெல்லாம் தம்பிக்கு ஆகும். வெளிச் சாப்பாட்டைக் கேபினுக்குள் விடுவது கடைக்குக் கடை மாறும், சாப்பிட்டுவிட்டே உள்ளே போவது நல்லது. இங்கிருந்து இறைச்சி சேர்ந்தது எதுவும் வேண்டாம், பச்சைக் காய், பழம், வீட்டு மரத்துக் கறிவேப்பிலை இதையும் எடுத்து வைக்காதீர்கள், சான்றிதழ் இல்லாமல் ஏர்போர்ட்டில் விட மாட்டார்கள்.

தம்பிக்கு எழுத்து தெரியும் என்றதும் சந்தோஷமாக இருந்தது. சிறுவர் மங்காக்களில் கடினமான கான்ஜி எழுத்துக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில், ஹிரகானா என்ற சுலபமான எழுத்தில் உச்சரிப்பு போட்டிருப்பார்கள், அவனால் வாசித்துவிட முடியும். ஒரு அலமாரியில் ஒரே கதை நூறு பாகத்துக்கு நீளமாக நிற்கும், அஞ்சாறு பாகத்தைக் கையில் அணைத்துக்கொண்டு கேபினுக்குப் போய் மல்லாந்து படுத்துப் படிப்பது ஒரு சுகம். படித்ததைத் திரும்பவும் அதே இடத்தில் வைக்கணும், இல்லையென்றால் திருப்பி வைக்கிற தட்டு இருக்கும். தூங்குவதற்கு என்று போகாமல் படிப்பதற்கு என்று போகிற ராத்திரியாக இதை வைத்துக் கொள்ளுங்கள், அப்போது தூக்கம் கெட்டாலும் வருத்தம் இருக்காது.

விசா விஷயம் ஒன்று. விண்ணப்பத்தோடு நாள்வாரியாக எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஜப்பானில் இறங்கும்போதும் தங்கும் முகவரி கேட்பார்கள். அதில் மங்கா கஃபே என்று எழுத முடியாது. ஒசாகா, டோக்கியோ இரண்டுக்கும் ஹாஸ்டலோ ஓட்டலோ பதிவு செய்த சீட்டு கையில் இருக்கட்டும்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன அவசர வழி, ஆனைமலை அண்ணன் சொன்னது இரண்டையும் தம்பியிடம் படித்துக் காட்டினேன். இப்படிப் பண்ணலாமா பாருங்கள். ஒசாகாவில் நாலு ராத்திரி ஹாஸ்டல், அங்கிருந்தே கியோட்டோ போய் வருவது. அப்புறம் புதன் ராத்திரி பஸ் ஏறி வியாழன் காலை டோக்கியோ. வியாழன் ராத்திரி மட்டும் மங்கா கஃபே, பூட்டுகிற அறை இரண்டு. வெள்ளி முதல் கேப்சூல் ஓட்டல். சரியா வருமா?

மஞ்சள்மண்டி

பஸ் ராத்திரியையும் மங்கா ராத்திரியையும் ஒட்டி வைக்காதீர்கள், அதுதான் நான் மேலே சொன்ன இரண்டு அரைத் தூக்கம். வியாழன் ராத்திரி கேப்சூலில் கால் நீட்டித் தூங்குங்கள். வெள்ளி, சனி விலை ஏறும் என்பதால் மங்காவை ஞாயிறு ராத்திரிக்குத் தள்ளுங்கள். டோக்கியோவில் சென்டோ என்ற பொதுக் குளியல் இல்லம் பேட்டைக்குப் பேட்டை உண்டு, 2024-இல் 550 யென் ஆக்கினார்கள், சாயங்காலம் அங்கே வெந்நீரில் கிடந்துவிட்டுப் பத்து மணிக்கு மங்கா கஃபேக்குள் போனால் ஷவருக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. திரும்புகிற விமானம் ஹனேடாவிலா நரிதாவிலா என்று பார்த்துக் கொள்ளுங்கள். நரிதா என்றால் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், விடியற்காலை விமானத்துக்கு முந்தின ராத்திரி மங்கா கஃபே வேண்டவே வேண்டாம். அங்கே இரண்டாம் டெர்மினல் பக்கம் நைன் ஹவர்ஸ் கேப்சூல் ஓட்டல் இருக்கிறது, அதில் படுத்துவிடுங்கள்.

சிறுவாணித்தண்ணி

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். பெட்டிக்கு மட்டும் ஒரு யோசனை. ஒசாகா ஹாஸ்டல் கவுண்டரில் புதன் காலையிலேயே பெரிய சூட்கேஸை டக்கியூபின் பார்சலில் டோக்கியோ ஓட்டல் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள், கறுப்புப் பூனை படம் போட்ட வண்டி வந்து எடுத்துப் போகும், இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும், பொதுவாக மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு பேர் துணியையும் ஒரே பெட்டியில் அடுக்கினால் ஒரு பார்சல் காசுதான். அனுப்புவதற்கு முன்னால் அந்த ஓட்டலுக்கு ஒரு மெயில் போட்டு, இந்தப் பெயரில் பெட்டி வரும், வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிடணும். பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட் எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ஒரு முதுகுப் பையில் ஒரு மாற்றுத் துணியும் துண்டும் போதும்.